நெற்றிக்காசு

கடைவீதியில் நெரிசல் என்று வீதி முனையில் தடுப்புக் கட்டை போட்டார்கள். பகலில் எந்த வண்டி நுழைந்தாலும் நடைக்குப் பத்து ரூபாய். கார்கள் கட்டிவிட்டுப் போயின. ஒரு நாளைக்குப் பத்து நடை போகும் தள்ளுவண்டி முத்தையன், கட்ட வழியில்லாமல் ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றியே ஒருநாள் வெயிலில் விழுந்து செத்தான்.

குழி வெட்டும் சடையாண்டி அவனை அவன் வண்டியிலேயே கிடத்தித் தள்ளிவந்தான். இருட்டுமுன் புதைத்தாக வேண்டும். சுடுகாட்டுக்கு நேர்வழி அந்த வீதிதான்.

கட்டை எழவில்லை. "பொணமும் எடத்த அடைக்குதுல்ல? பத்து ரூபா எடு, இல்லன்னா சுத்திப் போ," என்றார் கண்காணிப்பாளர் துரைசிங்கம்.

"வண்டி அவனுதுங்க. அவனே கொண்டாந்திருக்கான்." சடையாண்டி துணியை விலக்கினான். பிணத்தின் நெற்றியில் பத்து ரூபாய்க் காசு இருந்தது.

பின்னால் கத்திக்கொண்டிருந்த ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. துரைசிங்கம் விறைப்பாகக் கைநீட்டிக் காசை எடுத்தார்.

சடையாண்டி மண்வெட்டியை அவர் கையில் வைத்தான். "நெத்திக்காசு எடுத்தவந்தான் குழி வெட்டணும். அது எங்க சட்டம். வண்டியத் தள்ளுங்கய்யா, பொழுது சாயுது."

அவர் காசை அவசரமாக நெற்றியில் திருப்பி வைத்தார். அது நிற்கவில்லை. உருண்டு விழுந்து அவர் காலடியில் வந்து கிடந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் வந்தது.

"கட்டையத் தூக்குங்க, நான் எடுத்துக்கறேன்," என்றான் சடையாண்டி.

மறுநாளிலிருந்து தள்ளுவண்டிகள் வந்தால் காசு கேட்காமலே கட்டை எழுந்தது. துரைசிங்கம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் விசையை மிதித்தார்.