தேனீப் பாடத்தில் முப்பது விழுக்காடு

"தனித்தனியா விட்டா மூணு பேரும் தங்கம்யா. ஒரு மேசையச் சுத்தி உக்கார வச்சுப் பாரு, நாளைக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கணும்னு தீர்மானம் போட்டுருவாங்க."

விலங்கியல் துறையின் மாடிப்படிக்கு அடியில் நின்று பியூன் மாடசாமி, காவலாளியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். படியேறிக்கொண்டிருந்த உலகேஸ்வரியின் காதில் அது விழுந்தது. அவள் போய்க்கொண்டிருந்ததே அந்த மேசைக்குத்தான்.

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே 'தேனீ வளர்ப்பு' என்று ஒரு புதுப் பாடம் தொடங்குவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் கொடுத்துவிட்டால் பாடம் உண்டு. அதை நடத்தத் தற்காலிக ஆசிரியை உலகேஸ்வரிக்கு வேலையும் உண்டு. கொடுக்காவிட்டால் பாடம் ரத்து. சனிக்கிழமை அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போக வேண்டியதுதான். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தேனீயைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள். பாடத்திட்டத்தை எப்போதோ எழுதி முடித்துவிட்டாள். ஐந்து அலகு, இரண்டு பக்கம். ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் நாலு பேருக்கு முன்னால் அவளுக்குப் பேச வராது. மேலும், பாடத்திட்டத்தைத் தயாரிப்பது குழுவின் வேலை. தெரிந்தவர்கள் குழுவில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

குழுவின் தலைவர் முனைவர் கடம்பவனம். தவளையின் இடது பின்னங்காலை ஒன்பது வருஷம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வலது காலைப் பற்றிக் கேட்டால், "அது என் ஏரியா இல்லை" என்பார். அது முனைவர் கொழுந்துவின் ஏரியா. மூன்றாவது ஆள் முனைவர் ஜெசிந்தா. மண்புழு. மண்புழுவுக்குத் தலை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் அவருக்கு இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.

திங்கட்கிழமை உலகேஸ்வரி இரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பதிவாளர் அலுவலகத்துச் சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் துறைக்கும் பொதுவாக அடித்து அனுப்பிய தாள் அது.

"மூணாவது விதி," என்று கடம்பவனம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பழைய பாடத்திட்டத்தில் முப்பது விழுக்காடு மாற்றம் செய்திருக்க வேண்டும். எங்கம்மா பழசு?"

"இது புதுப் பாடம் சார்," என்றாள் உலகேஸ்வரி, மேசைக்காலைப் பார்த்துக்கொண்டு. "பழசுன்னு ஒண்ணு கிடையாது."

மூன்று முனைவர்களும் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

"பழசு இல்லாம எதுல போய் முப்பதை மாத்த?" என்றார் கொழுந்து.

"இல்லாததுல முப்பது விழுக்காடுன்னா எவ்வளவு வரும்?" என்று ஜெசிந்தா ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பூஜ்யம் சார். பூஜ்யத்தை மாத்தினதா எழுதிக் குடுத்தா பதிவாளர் சிரிப்பாரு."

பஜ்ஜி வந்தது, தின்றார்கள். கை துடைத்த பிறகு கடம்பவனத்துக்கு வழி புலப்பட்டது.

"முதல்ல பழைய பாடத்திட்டத்தைத் தயார் பண்ணுவோம். அப்புறம் அதை மாத்துவோம்."

"அதானே!" என்று கொழுந்து மேசையைத் தட்டினார். "இதுக்குத்தான் சார் தலைவர்னு ஒருத்தர் வேணும்ங்கிறது."

பழையதற்கு எங்கே போவது என்று தேடியபோது உலகேஸ்வரியின் இரண்டு பக்கம் கையில் தட்டுப்பட்டது. அதையே பழைய பாடத்திட்டம் என்று தீர்மானித்தார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வருத்தப்படாதம்மா. உன் உழைப்பு வீண்போகாது, பழசா இருந்துட்டுப் போகட்டும்," என்று ஜெசிந்தா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஆறாவது விதிக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வோர் அலகும் பன்னிரண்டு மணி நேரத்தில் நடத்தி முடிக்கக்கூடியதா என்று குழு உறுதிசெய்ய வேண்டுமாம். கொழுந்து காலை எட்டு மணிக்கு ஒரு காலி வகுப்பறைக்குப் போய் முதல் அலகை வாசித்தார். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஓடிவந்தார்.

"சார், பதினோரு மணி அம்பத்தொம்பது நிமிஷம் மிச்சம் கிடக்கு!"

"வேகமா வாசிச்சிருப்பீரு. அலகுல எத்தனை சொல்லு?"

"எம்பது."

கடம்பவனம் வகுத்துப் பார்த்தார். "ஒம்பது நிமிஷத்துக்கு ஒரு சொல்லு. நிதானமா நடத்தும்வே. மாணவன் மனசுல பதியணும்லா?"

கொழுந்து போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "தேனீக்களின்" என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்பது நிமிஷம் நின்றார். "உடல்" என்றார். வெயிலுக்கு ஒதுங்க வந்த இரண்டு மாணவர்கள் கடைசி பெஞ்சில் படுத்துத் தூங்கி, எழுந்து, சாப்பிடப் போய், திரும்பி வந்து மறுபடியும் தூங்கினார்கள். அப்போதும் முதல் வாக்கியம் முடியவில்லை. மதியத்துக்கு மேல் உலகேஸ்வரி தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். சொல்லுக்கு நடுவில் குடித்தால் நேரம் தவறிவிடும் என்று அவர் தொடவில்லை. இரவு எட்டு மணிக்குச் சரியாக, அலகின் கடைசிச் சொல்லான "முதலியன"வைச் சொல்லிவிட்டு இறங்கினார். வெற்றி. மற்ற நாலு அலகும் இதன் தம்பிகள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமைதான் பெரிய வேலை. பழையதை எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். முப்பது விழுக்காடு என்றால் நூற்று இருபத்து மூன்று புள்ளி ஆறு.

"நூத்தி இருபத்து மூணு சரி. அந்தப் புள்ளி ஆறை என்ன செய்ய?" என்றார் ஜெசிந்தா.

"அதைப் பிறகு பாப்போம். முதல்ல எந்தச் சொல்ல மாத்தணும்னு சொல்லுங்க," என்றார் தலைவர்.

தெரியாத விஷயத்தில் எதை மாற்றினாலும் தப்பாகிவிடும் என்று மூவருக்கும் பயம். அதனால் தங்களுக்குப் பொருள் தெரிந்த சொற்களை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. அப்படி இரண்டுதான் அகப்பட்டன. 'தேனீ' எழுபத்தொன்று. 'தேன்' ஐம்பத்திரண்டு. கூட்டினால் நூற்று இருபத்து மூன்று! கடம்பவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"தேனீயை எடுத்துட்டு எதைப் போட?" என்று கொழுந்து கேட்டார்.

"நாலாவது விதியைப் பாருங்க. பாடம் வட்டாரத்தைப் பிரதிபலிக்கணும்."

மூவரும் எழுந்து ஜன்னலுக்குப் போய் வட்டாரத்தைப் பார்த்தார்கள். துறைக்குப் பின்னால் இருந்த குட்டையில் ஒரு எருமை கிடந்தது. நெடுநேரம் பார்த்தார்கள். வட்டாரத்தில் வேறொன்றும் வரவில்லை.

"எருமை," என்றார் தலைவர். "தேன் வர்ற இடத்துல பால். எழுதிக்கோம்மா."

"சார்..." என்றாள் உலகேஸ்வரி. "எருமை... பறக்காது சார்."

"பறக்கும்னு நாம எங்கயாவது எழுதியிருக்கோமா?"

"மூணாவது அலகுல இருக்கு சார்."

"அது பழைய பாடத்திட்டத்துல இருந்தது. அதுக்கு நாம பொறுப்பில்லை," என்றார் கடம்பவனம்.

பிறகு புள்ளி ஆறு. ஒரு சொல்லில் பத்தில் ஆறு பங்கை மட்டும் எப்படி மாற்றுவது? சாயங்காலம் வரை வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஜெசிந்தாதான் கண்டுபிடித்தார். ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்து மூன்று எழுத்தை மாற்றினால் கணக்குச் சரி. தலைப்பில் இருந்த 'வளர்ப்பு', 'பாதுகாப்பு' ஆனது. கடைசி இரண்டு எழுத்தையும் அவர் கையால் மறைத்துக்கொண்டு, யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஆக, 'எருமை பாதுகாப்பு' தயார். ராணி எருமையை அடையாளம் காணுதல். முருங்கைப் பூவில் எருமைகள் அமரும் நேரம். ஒரு பெட்டிக்கு முப்பதாயிரம் எருமைகளைக் குடியமர்த்துதல். கொட்டிய எருமையின் கொடுக்கைத் தோலிலிருந்து நீக்குதல். தட்டச்சு செய்த உலகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவுளிக்கடையில் முந்தானை வெளியே தெரியும்படி மடிக்க வேண்டுமா, உள்ளே போகும்படியா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கொழுந்துவுக்கு மனசாட்சி உறுத்தியது.

"போன வாரம் அடிச்ச தாளைப் பழசுன்னு குடுத்தா அது பொய்யாயிரும் சார். நாம வாத்தியாருங்க. பொய் சொல்லலாமா?"

"சொல்லவே கூடாது. நிஜமாவே பழசாக்கிருவோம்," என்றார் ஜெசிந்தா.

இரண்டு பக்கத்தையும் டீயில் முக்கி, மொட்டைமாடியில் வெயிலில் போட்டார்கள். மாடசாமியை அதன்மேல் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். "எதுக்கும்மா?" என்று அவர் கேட்டதற்கு, "அஞ்சு வருஷம் ஆகணும்," என்றார் ஜெசிந்தா. மாடசாமி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். கடைசியாகக் கரையான் அரிக்கட்டும் என்று புற்றின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். கரையான் தொடவில்லை. குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் அளவுக்கு அது இறங்கிப்போகவில்லை போலும். வெள்ளிக்கிழமை காலையில் தாள் பழுத்து, நொறுங்கி, பார்க்கவே மரியாதையாக இருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நால்வரும் பதிவாளர் அலுவலகத்துப் பிரிவு அலுவலர் முன்னால் நின்றார்கள். அவர் ஐந்து அலகை எண்ணினார். முப்பது விழுக்காட்டுக் கணக்கைச் சரிபார்த்தார். புள்ளி ஆறு வரை துல்லியமாக இருந்ததைக் கண்டு புருவத்தைத் தூக்கினார். எருமையைப் பற்றியோ தேனீயைப் பற்றியோ அவருக்குக் கவலை இல்லை. முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, "இதுல எது புதுசு?" என்றார்.

"எருமை," என்று வாயைத் திறந்தார் கடம்பவனம்.

"ஒரு நிமிஷம் சார்," என்று கொழுந்து குறுக்கிட்டார். "எருமை புதன்கிழமையே முடிஞ்சுட்டு. பழசு இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுது. தேதிப்படி பழசுதானே புதுசு?"

"அப்போ புதுசுதான் பழசா?" என்றார் ஜெசிந்தா.

"பழசு எப்படிவே புதுசாகும்? நாம அதைப் பழசாக்கத்தானே இத்தனை பாடுபட்டோம்?" என்றார் தலைவர்.

"அந்தப் பாடு புதுசுதானே சார்?"

கடம்பவனம் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தில் முள் நாலைத் தொடப்போனது. அலுவலர் முத்திரையைக் கீழே வைக்கப்போனார்.

"இதுதான் சார் புதுசு," என்று ஒரு குரல் கேட்டது.

யாரென்று மூன்று முனைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உலகேஸ்வரி டீக்கறை படிந்த தாளின்மேல் விரலை வைத்திருந்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. முத்திரை அதன் பக்கத்திலேயே இறங்கியது.

"சரி. தேனீ வளர்ப்பு இந்தப் பருவத்திலிருந்து அமல்," என்று அலுவலர் எழுதினார். "எருமை இன்னையோட ஒழிஞ்சுது. ஆனா ஒண்ணு, பழைய பாடத்திட்டத்துல அரியர் வச்சிருக்கிற பசங்களுக்குக் கடைசியா ஒரு தேர்வு வச்சிரணும். விதி இருக்கு, மறந்துராதீங்க."

கடம்பவனம் மறப்பாரா?

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எருமைப் பாடத்தின் அரியர் தேர்வு நடந்தது. பக்கத்து அறையில் உலகேஸ்வரி இருபத்திரண்டு மாணவர்களுக்குத் தேனீப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கணீரென்று கேட்டது. "அங்க சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்மா, பரீட்சை நடக்கு," என்று ஜெசிந்தா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வுக்கூடத்தில் நாற்பது மேசைகள். நாற்பதிலும் வினாத்தாளும் விடைத்தாளும் வைத்து, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். கொழுந்து வரிசைக்கு இடையில் நடந்து, பார்த்து எழுதுகிறார்களா என்று கண்காணித்தார். ஒருவரும் எழுதவில்லை. எழுத ஒருவரும் வரவுமில்லை.

ஒரு மணிக்குக் கடைசி மணி அடித்தது. கொழுந்து தலைவரிடம் வந்து காதோரம் குனிந்தார்.

"கஷ்டமான பேப்பர் போலிருக்கு சார். ஒருத்தர்கூட முதல் கேள்வியைத் தாண்டலை."

கடம்பவனம் நாற்பது மேசைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னும் அரைமணி நேரம் கொடுத்தார்.