தையல்சிட்டு தந்த சம்மதம்

ஆற்றங்கரையில் ஒரு தோப்பு இருந்தது. எந்தப் பொந்து யாருடையது, எந்தக் கிளை யாருக்கு என்று எழுதி வைக்க அங்கே ஏடு கிடையாது. பறவைகள்தான் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தன.

அதற்கு ஒரு முறை உண்டு. விடிந்ததும் முதல் புழுவைக் கொத்தி வரும் பறவை அன்றைய சேதிகளைச் சொல்லும். ‘நாவல் மரத்துத் தெற்குக் கிளையை மைனா புறாவுக்குக் கொடுத்தது’ என்பது போல ஒரு நாளைக்குப் பத்தே சேதி. மற்ற நாற்பது பறவைகளும் அதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொள்ளும். முதல் நாள் தொட்டு ஒரு சேதி விடாமல் தெரிந்த பறவையின் பேச்சுத்தான் சாட்சிக்குச் செல்லும்.

தோப்பிலேயே சின்னத் தலை தையல்சிட்டுக்கு. பத்துக்கு மேல் அவளுக்குத் தாங்காது என்றுதான் அந்த அளவு. அதை மாற்றுவதானால் அவள் சம்மதிக்க வேண்டும்.

ஒரு வருஷம் கீழ்க்கரையை வெள்ளம் கொண்டுபோயிற்று. அங்கே இருந்த உயிர்களெல்லாம் தோப்புக்கு வந்தன. தங்கள் சேதியை ஏற்றக் காத்திருந்த வரிசை ஆற்றுமணல் வரை நீண்டது. சேதி சொல்லும் பறவைக்கு அத்திப்பழம் கொண்டுவந்தவர்கள் முன்னால் போனார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் நின்றார்கள்.

நின்றவர்களில் ஒருத்தி நிறைமாத அணில். கிழட்டு ஆந்தை தன் பொந்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. ஆனால் சேதி ஏறாமல் உள்ளே போகக் கூடாது. நான்கு நாளாக மழையில் நனைந்தாள்.

“பத்தை நூறாக்கிடுவோம்,” என்றான் அண்டங்காக்கை. “நூறெல்லாம் எனக்கு ஒரு வாய்க்குக் காணாது.”

“உனக்குச் சரிப்பா. மத்தவங்க மண்டை?” என்றார் செம்போத்து. “ஒரே கிளையை மாசத்துல பத்துத் தடவை கைமாத்துறாங்க. அதையெல்லாம் அவங்களுக்குள்ள பேசி வெச்சுக்கட்டும். கடைசியில யார்கிட்ட நிக்குதோ, அதை மட்டும் இங்க கொண்டுவரட்டும்.”

“அவங்க பேசிப் பழக ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இவ மழையிலேயே குட்டி போடணுமா?” என்றான் அண்டங்காக்கை.

எல்லோரும் தையல்சிட்டைப் பார்த்தார்கள். அவள் அணிலின் ஈர வாலைப் பார்த்தாள்.

“நூறே இருக்கட்டும். என்னால முடியும்.”

“யோசிச்சுச் சொல்லு தாயி,” என்றார் செம்போத்து.

“பாவம் மாமா அவ.”

அன்று அணிலின் சேதி பதினோராவதாக ஏறியது. மதியத்துக்குள் வரிசை கரைந்தது. தையல்சிட்டின் நல்ல மனசைத் தோப்பே பேசியது.

மூன்றாம் நாள் அவளுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. ஆறாம் நாளைத் தட்டுத்தடுமாறி ஏற்றினாள். ஏழாம் நாள் அறுபதாவது சேதியில் கண் செருகிவிட்டது. ‘முடியும்’ என்று சொன்ன வாயால் ‘முடியவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அலகை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிளைத் தேன்சிட்டும் அப்படியே அலகை அசைத்தது. தனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று இருவரும் நினைத்தார்கள்.

கார்த்திகையில் தையல்சிட்டு விடியற்கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். தையில் மைனாவும் புறாவும் நின்றுவிட்டன; மற்றவையும் ஒவ்வொன்றாக விலகின. செம்போத்து பங்குனி வரை தாக்குப்பிடித்தார். ஒரு நாள் எண்பதாவது சேதியின் நடுவே பறந்துபோனார். அதன்பின் அண்டங்காக்கையே புழுவைக் கொத்தி, அவனே சொல்லி, அவனே திருப்பிச் சொன்னான்.

அடுத்த மழைக்காலத்தில் கிழட்டு ஆந்தை செத்தது. அதன் மகன் வந்து பொந்தைக் கேட்டான்.

“அணிலுக்குக் கொடுத்ததா எனக்கு நினைவில்லை. பொந்து மகனுக்கு,” என்றான் அண்டங்காக்கை.

அணில் தையல்சிட்டிடம் ஓடிவந்தாள். “அக்கா, அன்னைக்கு நீயும் இருந்தியே! வந்து சொல்லேன்.”

தையல்சிட்டுக்கு அந்த நாள் அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அண்டங்காக்கையிடம் பறந்துபோனாள்.

“கொடுத்ததுதான் அண்ணே. பதினோராவது சேதி. என் வாயாலயே திருப்பிச் சொன்னேன்.”

“அப்படியா? முதல் நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் சொல்லு பார்ப்போம்.”

அவள் சொல்லத் தொடங்கினாள். பத்துப் பத்தாகச் சொன்ன பழைய நாட்களையெல்லாம் கடகடவென்று தாண்டினாள். நூறு தொடங்கி ஏழாம் நாள் வந்ததும் நின்றாள்.

“விட்டுப்போனவ பேச்சு சாட்சிக்கு ஆகாதும்மா. உனக்காக ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ‘எனக்கு ஞாபகம் இருக்கு’ன்னு வந்து நிப்பாங்க.”

அணில் பொந்துக்குப் போனாள். புதிதாக ஈன்ற குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, மழையில் வெளியே கொண்டுவந்தாள்.

தையல்சிட்டு அண்டங்காக்கையிடம் திரும்பினாள். “நீ பொய்தானே சொல்ற?”

அண்டங்காக்கைக்குக் கோபம் வரவில்லை. வெறிச்சோடிக் கிடந்த கிளைகளை ஒருமுறை பார்த்தான்.

“பொய்யா மறதியான்னு எனக்கே தெரியலை தங்கச்சி. நான் தப்பாச் சொன்னா திருத்தத்தான் நீங்க இத்தனை பேர் இருந்தீங்க.”