தாழியில் ஊறிய சுண்டக்கஞ்சி

செம்மண் மேட்டுக் காட்டில் ஈட்டியப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். அவனுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வளைக்கும் குறைவில்லை. ஒரே ஒரு குறைதான். அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை!

முள்ளம்பன்றியின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? நீங்கள் உட்காருவீர்களா? அவன் சிரித்தால் முள் சிலிர்க்கும், தும்மினாலும் சிலிர்க்கும். "நல்லா இருக்கியாப்பா?" என்று எட்ட நின்று கேட்டுவிட்டு எல்லோரும் நழுவிவிடுவார்கள். மனைவி செவந்தி மட்டும்தான் ஒட்டி உட்காருவாள். எந்த முள் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். மொட்டு என்று ஒரு சின்ன மகளும் உண்டு. ஆனால் வீட்டில் இருப்பவர்களை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? ஈட்டியப்பனுக்கு ஊர் வேண்டியிருந்தது.

அதே காட்டில் கருப்பாயி என்று ஒரு கரடி இருந்தாள். இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் பாறைக் குழிகளில் பூவும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஊறிப் புளித்துக் கிடக்கும். அதை அள்ளிக் குடித்துவிட்டு அவள் ஆடுவாள். நரி, முயல், உடும்பு எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாய் குடிக்கும், பாடும், ஒன்றின் தோளில் ஒன்று சாயும். ஈட்டியப்பன் புதருக்குப் பின்னால் நின்று பார்ப்பான். அந்தத் தோள்களைப் பார்த்து அவனுக்கு ஏக்கமாக இருக்கும்.

ஒருநாள் அவளிடமே போய்க் கேட்டுவிட்டான்.

"அக்கா, இதை வீட்டிலேயே செய்யலாமா?"

"நான் எங்கடா செஞ்சேன்! பூ விழுது, மழை பெய்யுது, புளிக்குது, குடிக்கிறேன்!" என்று சிரித்தாள் கருப்பாயி. "மனுஷங்க கேழ்வரகுல சுண்டக்கஞ்சின்னு போதைக் கஞ்சி போடுவாங்க. முளைகட்டி, நசுக்கி, தண்ணியில ஊற வச்சுப் பாரு. இந்த மண்டியைக் கொஞ்சம் மேல விடு. மத்ததை அது பாத்துக்கும். சந்தேகம் வந்தா என்னைக் கேளு!"

மண்டி என்றால் புளித்த சாமானின் அடியில் தங்கும் கசடு. அதை இலையில் மடித்துக் கொடுத்தாள். அவன் பொக்கிஷம் கிடைத்த மாதிரி கவ்விக்கொண்டு ஓடினான்.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியவனைப் பார்த்திருப்பீர்கள். சோற்றிலும் அதே பேச்சு, தூக்கத்திலும் அதே பேச்சு. முதலில் சுரைக்குடுக்கையில் ஊற வைத்தான். எறும்பு மொய்த்துவிட்டது. பிறகு பாறைக் குழியில் ஊற வைத்தான். வெயில் குடித்துவிட்டது.

"மொட்டு கிழங்கு கேட்டு அழுறா. நீங்க கேழ்வரகை மென்னு துப்பிக்கிட்டு இருக்கீங்க!" என்றாள் செவந்தி.

"இருடி! ஊரே நம்ம வாசல்ல வந்து உட்காரப் போகுது!" என்றான் ஈட்டியப்பன்.

அவனுக்கு ஒரு நல்ல பானை வேண்டியிருந்தது. பானை வீட்டிலேயே இருந்தது!

அந்த மேட்டில் எந்தக் காலத்திலோ மனிதர்கள் இறந்தவர்களைப் பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்திருந்தார்கள். ஈட்டியப்பனின் மேல் அறைச் சுவரில் அப்படி ஒரு தாழி பாதி வெளியே தெரிந்தபடி நின்றது. உள்ளே எலும்புகள் கிடந்தன. முள்ளம்பன்றிகளுக்கு எலும்பைக் கண்டால் பல் குறுகுறுக்கும். கடித்துக் கடித்துப் பல்லைத் தீட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஈட்டியப்பனும் சின்ன வயதிலிருந்தே அந்த எலும்புகளில்தான் பல் தீட்டினான். மிச்சமிருந்த துண்டுகளை இப்போது வெளியே தள்ளிவிட்டான். தாழியைக் கழுவினான். முளைகட்டிய கேழ்வரகைப் போட்டான், தண்ணீர் நிரப்பினான், மண்டியை விட்டான்.

அந்த அறையிலிருந்து ஓரமாகக் கீழே இறங்கினால் குடும்பம் தூங்கும் பள்ளம் இருந்தது. அதை அவன் யோசிக்கவே இல்லை.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் உச்சி வேளை. காட்டில் இலை அசையவில்லை. எல்லோரும் அயர்ந்து கிடந்தபோது செவந்தி அவனைத் தட்டி எழுப்பினாள்.

"என்னங்க, மேல யாரோ பேசுறாங்க."

"எலியா இருக்கும்."

"எலி இப்படியா பேசும்? வாயில தண்ணியை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு!"

ஈட்டியப்பன் மேலே போனான். அறையில் யாரும் இல்லை. தாழிதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது. நுரை மெல்ல ஏறியது, இறங்கியது. யாரோ உள்ளே படுத்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

அவனுக்குக் கடித்த எலும்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

"ஐயா... நீங்களா?" என்று கேட்டான்.

"ம்," என்றது தாழி.

முள் அத்தனையும் குத்திட்டு நின்றது. நெஞ்சு அடைத்தது, தலை சுற்றியது. பயத்தில்தான் அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இறங்கி வந்து, "எலிதான்!" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். தூக்கம் எங்கே வரும்?

மறுநாள், பள்ளத்தில் எப்போதும் கத்தும் சுவர்க்கோழிப் பூச்சி கத்தவில்லை. அதற்கு மறுநாள் செவந்தி அவனைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினாள்.

"பாருங்க. சுவர்க்கோழி செத்துக் கிடக்கு. எறும்பும் செத்துக் கிடக்கு. தரையில இருந்ததெல்லாம் போயிருச்சு. கூரையில இருக்கிற சிலந்தி மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கும் தலை பாரமா இருக்குங்க. மொட்டு எந்நேரமும் தூங்கி வழியறா."

"பிள்ளை தூங்குனா நல்லதுதானே!"

"எங்க அண்ணன் வளை காலியாத்தான் கிடக்கு. கொஞ்ச நாள் அங்க இருப்போம். இல்லன்னா கருப்பாயி அக்காகிட்டயாவது ஒரு வார்த்தை கேளுங்க!"

"கேட்டா ஊரு பூரா தெரிஞ்சுடும்!" என்று சீறினான் ஈட்டியப்பன். "எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டாச்சு. பேய் பேசுற வீட்டுக்கு எவன் வருவான்?"

"பேயா?" என்றாள் செவந்தி.

அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு தாழியின் வாயையும் மூடினான். இலையைத் திணித்தான், மேலே ஈரக் களிமண்ணை அப்பினான். முணுமுணுப்பு நின்றது. செவந்தியின் தலைபாரம் கொஞ்சம் குறைந்தது. மொட்டுகூட எழுந்து கிழங்கு தின்றாள்.

"பாத்தியா? நானே சரி பண்ணிட்டேன்!" என்றான்.

ஆனால் காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஏதோ முட்டியது. களிமண்ணில் கீறல் விழுந்தது. அவன் அதன் மேலும் மண்ணை அப்பினான்.

"ஐயா, விருந்து முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் என்ன கேட்டாலும் தர்றேன்!" என்று தாழியைக் கும்பிட்டான். என்ன கேட்டாலும் என்று சொல்கிறவன், தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

விருந்து நாள் வந்தது. வெயில் தாழ்ந்ததும் நரியும் முயலும் உடும்பும் வாசலுக்கு வந்துவிட்டன. கருப்பாயி மட்டும் இன்னும் வரவில்லை. செவந்தி கீழே மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். ஈட்டியப்பன் மேல் அறைக்கு ஓடிக் களிமண்ணைத் தட்டி உடைத்தான்.

"ஹாஆஆ..." என்று தாழி பெருமூச்சு விட்டது. நெடுநாள் அடைத்து வைத்த மூச்சு! இலைகள் பறந்தன. நுரை பொங்கி வழிந்து பள்ளத்தை நோக்கி ஓடியது. அவனுக்குக் கண் இருட்டியது. குடுக்கையில் மொண்டுகொண்டு தட்டுத் தடுமாறி வெளியே வந்துவிட்டான்.

"அடடா! அமிர்தம்!" என்றது நரி.

"இன்னும் கொஞ்சம் ஊத்தப்பா!" என்றது முயல்.

நரி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது! ஒரு முள் குத்தியது. "பரவாயில்ல, பரவாயில்ல!" என்று சொல்லி அவன் தோளில் சாய்ந்துகொண்டது. ஈட்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு சாய்வுக்காக அவன் எத்தனை நாள் புதருக்குப் பின்னால் நின்றிருப்பான்!

அப்போது வளைக்குள்ளிருந்து முணுமுணுவென்று சத்தம் வந்தது. முயல் காதைத் தூக்கியது.

"அது என்ன சத்தம்?"

ஓடிவிடுவார்களோ என்று ஈட்டியப்பன் பதறினான். "பானை! புளிக்கும்போது பேசும்! நல்லாக் கேளுங்க!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். பேசும் பானை என்றதும் அவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. இன்னும் மொண்டு வருகிறேன் என்று உடும்பு குடுக்கையோடு உள்ளே போனது.

"என்னங்க..." என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "மொட்டு கண்ணைத் திறக்க மாட்டேங்கிறா... கொஞ்சம் வாங்களேன்..."

நரி நிமிர்ந்து பார்த்தது. "யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?"

ஈட்டியப்பனுக்கு அது யார் குரல் என்று தெரியும். தெரியாமல் இருக்குமா? ஆனால் எழுந்தால் நரியின் தோள் விலகிவிடும். கூட்டம் கலைந்துவிடும்.

"பானைதான்! கண்டுக்காதீங்க!" என்றான்.

"என்னங்க!" என்று நரி வளையைப் பார்த்துப் பழிப்புக் காட்டியது. ஒரே சிரிப்பு. ஈட்டியப்பனும் சிரித்தான்.

குரல் இன்னொரு தடவை வந்தது. ரொம்பச் சின்னதாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

அந்நேரம் கருப்பாயி வந்து சேர்ந்தாள். "பானையை எங்கடா வச்சிருக்க?"

"வளைக்குள்ள, அக்கா!"

"உள்ளயா? செவந்தி எங்க?"

"அதுக்குக் கீழ... பள்ளத்துல..."

கருப்பாயி வாய் திறக்கும் முன் உடும்பு தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. "உள்ள காத்து செத்துக் கிடக்கு!" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே சாய்ந்தது.

"பேய்! பேய்!" என்று அலறிக்கொண்டு எல்லோரும் பறந்தார்கள். முதலில் ஓடியது நரிதான்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று கத்தினாள் கருப்பாயி. "புளிக்கிற சாமான் விடற மூச்சுடா அது! கனத்துப்போய்ப் பள்ளத்துல தேங்கும். பூ அடைஞ்ச குழியில எலி விழுந்து சாகறதை நான் பாத்திருக்கேன். நான் வெட்டவெளியில குடிக்கிறது எதுக்குன்னு நினைச்ச? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வா, மேலேயிருந்து தோண்டு!"

இருவரும் மேட்டின் மேல் ஏறித் தோண்டினார்கள். ஈட்டியப்பனின் நகம் பிய்ந்தது. "செவந்தி! செவந்தி!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சற்று முன்தான் வேண்டாம் என்றிருந்த குரலிலிருந்து இப்போது ஒரு முனகலாவது வராதா என்று அவன் அழுதான்.

கூரை உடைந்தது. கூரையோரத்துப் பொந்தில் மொட்டு இருந்தாள். சிலந்தி பிழைத்திருந்ததே, அந்த உயரத்தில்! செவந்தி அதை யோசித்து மகளைத் தூக்கி வைத்திருக்கிறாள். தனக்கு அங்கே இடமில்லை. அவள் கீழே தரையில் சுருண்டு கிடந்தாள்.

வெளியே கிடத்தியதும் மொட்டு தும்மினாள், அழுதாள். செவந்தி அசையவில்லை. கருப்பாயி அவள் முகத்தை நக்கினாள், இலையால் விசிறினாள். வெகுநேரம் கழித்துத்தான் செவந்தி ஒரு நீண்ட மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"இல்லடி... பானைச் சத்தத்துல..." என்று இழுத்தான் ஈட்டியப்பன்.

"கேட்டுச்சு," என்றாள் அவள். "நீங்க அவங்ககிட்டச் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு."

செவந்தி மெல்ல எழுந்து நின்றாள். மகளைத் தன் ஓரமாக அணைத்துக்கொண்டு, அண்ணன் வளை இருந்த மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"செவந்தி! போகாதடி! நான் சொல்றதைக் கேளு!" என்று ஈட்டியப்பன் கூப்பிட்டான்.

அவள் திரும்பவில்லை. மொட்டுதான் காதைத் தூக்கினாள்.

"அம்மா, யாரோ கூப்பிடறாங்களே?"

"அது பானை. கண்டுக்காத," என்றாள் செவந்தி.

நாலு பேர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக வீட்டுக் குரலைக் கேளாதவன், கடைசியில் தன் குரலைக் கேட்க ஆளில்லாமல் நிற்பான்.