செங்கண்ணிக்குக் கூடு இல்லாமல் போனது

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சும் இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. பாடம் ஒன்றே ஒன்றுதான்: கூடு கட்டுவது. ஐப்பசியில் நாரை வாத்தியார் வடக்கேயிருந்து ஏரிக்கரைக்கு வருவார். பங்குனிக் கடைசியில் பரீட்சை வைத்துவிட்டு அன்றைக்கே திரும்பிப் பறந்துவிடுவார். கூடு கட்டிக் காட்டியவருக்கு மரத்தில் இடம். காட்டாதவருக்குத் தரைதான். மறுபரீட்சை என்ற பேச்சே கிடையாது.

அந்த வகுப்பில் செங்கண்ணி என்று ஒருத்தி இருந்தாள். நெட்டைக் கால், கணீரென்ற குரல். ஒருமுறை கேட்டால் போதும், பாடத்தை அப்படியே ஒப்பித்துவிடுவாள். மார்கழி வரை அவளை மிஞ்ச ஆளில்லை. அதன்பின் செய்முறை தொடங்கியது. நாணல் இலையை இழையாகக் கிழித்துக் கிளையில் முடிச்சுப் போட வேண்டும். செங்கண்ணியின் முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த கிளையில் மஞ்சன் என்கிற தூக்கணாங்குருவியின் முடிச்சும் அவிழ்ந்தது. அவன் பேசாமல் மறுபடியும் போட்டான். பதினேழு தடவை அவிழ்ந்து, பதினெட்டாவது தடவை நின்றது. வாத்தியார் எட்டிப் பார்த்து, "பேஷ்" என்றார்.

செங்கண்ணிக்கு வயிறு பற்றி எரிந்தது. இரண்டு மாதமாக மூச்சு விடாமல் ஒப்பித்தவளுக்கு வெறும் தலையாட்டல். நாலு வரி சேர்ந்தாற்போல் சொல்லத் தெரியாத இந்தப் பொடியனுக்குப் பேஷாம்!

அதற்குப் பிறகு அவள் தன் இழையைத் தொடவில்லை. அவளுக்குப் பாடமே மஞ்சன்தான். எப்போது எழுகிறான், எத்தனை இலை கிழிக்கிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தினமும் விடிந்ததும் அவன் முந்தின நாள் பின்னிய கடைசி வரிசையைப் பிரித்துவிட்டு, ஞாபகத்திலிருந்து மறுபடி பின்னுவான். அப்புறம்தான் புது வரிசை. 'லூசுப் பய' என்று மனசுக்குள் திட்டுவாள். திட்டிவிட்டு மறுபடியும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "என்ன மஞ்சா, எதுவரைக்கும் முடிச்சே?"

"பாதி முடிஞ்சிருச்சு புள்ள. வந்து பாரேன்" என்றான் அந்த வெள்ளந்தி.

பார்த்தாள். உருண்டையாக, ஒரு பிசிறில்லாமல் தொங்கியது பாதிக் கூடு. அடுத்த நொடி ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே சுற்றினாள்: "மஞ்சன் பாதி முடிச்சிட்டான்! மஞ்சன் பாதி முடிச்சிட்டான்!" காக்கை, மைனா, கொக்கு என்று ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. ஆளுக்கு ஒரு தடவை ஏறி உட்கார்ந்து, இழுத்துப் பார்த்து, மதியத்துக்குள் கூட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். "நான் என்ன பண்ணினேன்? உள்ளதைத்தானே சொன்னேன்" என்றாள் செங்கண்ணி. அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மஞ்சன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஏரிக்கு அப்பால், பாழுங்கிணற்றின் மேல் சாய்ந்திருந்த கருவேல மரத்துக்கு இடம் மாறினான். முள்ளுக்குப் பயந்து அங்கே யாரும் போவதில்லை. மறுநாள் செங்கண்ணி விடாமல் கேட்டாள். "இன்னைக்கு என்ன படிச்சே?"

"ஐயோ, நான் ஒண்ணுமே படிக்கல புள்ள" என்றான் மஞ்சன்.

அவன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது. செங்கண்ணிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவனே படிக்கவில்லை, தனக்கு மட்டும் என்ன அவசரம்? தினமும் கேட்டாள். தினமும் அதே பதில். கேட்ட திருப்தியில் நண்டு பிடிக்கப் போய்விடுவாள். அவள் கிழித்து வைத்த இழைகள் கரையிலேயே காய்ந்து சருகாயின.

பரீட்சையும் வந்தது. மஞ்சன் வாத்தியாரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான். பின்னாலேயே வகுப்பும் போனது. நீளக் கழுத்தோடு முழுக்கூடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் இரண்டு முறை "பேஷ்" சொன்னார். பிறகு திரும்பி, "செங்கண்ணி, உன் கூடு எங்கேம்மா?" என்றார்.

"படிச்சிருக்கான்! படிக்கலைன்னு சொன்னான்! படிச்சிருக்கான்!" என்று அலறினாள் அவள்.

"அவன் படிச்சது இருக்கட்டும். நீ?"

வாத்தியார் வெயில் ஏறும்வரை காத்திருந்து பார்த்தார். பிறகு இறக்கையை விரித்து வடக்கே போய்விட்டார்.

சித்திரையில் முட்டையிடும் நாள் நெருங்கியபோது செங்கண்ணி தனியாக உட்கார்ந்து ஒரு முடிச்சுப் போட்டாள். அவிழ்ந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் அவிழ்ந்தது. மஞ்சனுக்குப் பதினேழு தடவை அவிழ்ந்ததை எண்ணியவளே அவள்தான். ஆனாலும் இரண்டோடு விட்டுவிட்டு, நாலு முட்டைகளையும் வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே இட்டுவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பதறிப் பதறிக் கத்தினாள்.

அன்று முதல்தான் அவள் வம்சம் மரத்தில் அடையாமல் தரையில் முட்டையிட்டு, அந்தப் பக்கம் போகிற ஆளையெல்லாம் கத்திக் காட்டிக்கொடுத்து, ஆள்காட்டி என்று பேர் வாங்கியது. பரீட்சை நாள் காலையில், புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகூடப் பள்ளிக்கூட வாசலில் நின்று, "நான் ஒண்ணுமே படிக்கல" என்று கூசாமல் சொல்வதும் அன்று முதல்தான்.