மயிலாத்தாளின் மிச்சக் கண்

கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். அது எனக்கே பிடித்தமானதல்ல.

பொள்ளாச்சியில் சென்னியப்பன் என்று ஒருவர். தேங்காய் நார் ஆலையில் மேஸ்திரி. அவர் மனைவி மயிலாத்தாள். சர்க்கரை வியாதி அவளுடைய ஒரு கண்ணை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மிச்சக் கண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். இலவசமாகச் செய்யும் இடத்தில் முறை வர நான்கு மாதம் ஆகும். கண் அதுவரை தாங்காது. விற்கக்கூடியது என்று வீட்டில் இருந்தது ஒரு கார் மட்டும். எட்டு வருடம் ஓட்டிய வண்டி. படம் எடுத்து இணையத்தில் போட்டார்.

மூன்றாம் நாளே ஒருவன் பேசினான். பெயர் நவநீதன், பாலம் கட்டும் வேலையில் இன்ஜினியர் என்றான். பேரமே பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், வங்கியில் கவுண்டர் மூடிய பிறகு, முழுத் தொகைக்கும் ஒரு டிடி எடுத்துக்கொண்டு வந்தான். நல்ல டிடிதானா என்று சென்னியப்பன் தயங்கியபோது அவன் கோபப்படவில்லை. மேனேஜரிடமே கேளுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தான். சென்னியப்பன் கேட்டார். எங்கள் கிளையில் கொடுத்ததுதான் சார் என்றது ஒரு பெண் குரல். சாவி, ஆர்.சி. புத்தகம், கையெழுத்துப் போட்ட படிவங்கள் எல்லாம் கைமாறின.

மறுநாள் காலையிலேயே டிடியை வங்கியில் போட்டுவிட அவர் சட்டையை மாட்டினார். மயிலாத்தாள் விடவில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்கு வந்த லட்சுமிய வெளிய அனுப்புவாங்களா? டிடின்னா பணந்தானுங்க. எங்க போயிரப் போகுது."

டிடிக்கு மூலையில் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அதற்கடுத்தது ஞாயிறு.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தாராபுரத்திலிருந்து ஒரு போன். பேசியவர் சம்சுதீன், சந்தை சந்தையாகப் போய்ப் போர்வை விற்கிறவர். உங்கள் கார் என் வாசலில் நிற்கிறது, நவநீதன் என்பவர் விற்கிறார், காருக்குள் இருந்த இன்ஷூரன்ஸ் தாளில் உங்கள் நம்பரைப் பார்த்தேன், அவருக்குத் தெரியாமல்தான் பேசுகிறேன் என்றார். ஏதாவது வில்லங்கம் உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. பணம் பூரா வந்துருச்சு. தைரியமா வாங்குங்க" என்றார் சென்னியப்பன்.

சம்சுதீன் மனைவியின் நகையை விற்று வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினார்.

திங்கட்கிழமை வங்கி அதிகாரி டிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே எடுத்துப்போனார். வெகுநேரம் கழித்து வந்து, இப்படி ஒரு டிடியை எங்கள் வங்கி கொடுக்கவே இல்லை என்றார். நவநீதனின் போன் அணைந்திருந்தது. மேனேஜரின் போனும்தான்.

பத்து நாளில் போலீஸ் காரைக் கண்டுபிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சொன்னார்: இரண்டு பேரும் உரிமை கேட்டால் வழக்கு முடிகிற வரை வண்டி இங்கேதான் நிற்கும், சக்கரம் மண்ணில் புதைந்துவிடும், பேசி ஒரு முடிவோடு வாருங்கள்.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வண்டியை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றார் சம்சுதீன். பாதி நஷ்டத்தோடு தப்பிக்க அவர் தயாராகத்தான் இருந்தார்.

"பாதிக் காசுக்குப் பாதிக் கண்ணு பாத்து உடுவாங்களாண்ணா?" என்றாள் மயிலாத்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு ரூபாய் வராத வண்டி எப்படி விற்ற வண்டியாகும் என்று கேட்டாள்.

சென்னியப்பன் டீயைத் தொடவே இல்லை. "வந்துருச்சுன்னு நாஞ் சொன்னேன் மயிலு. அவரு அந்தத் திருட்டுப்பயல நம்பல. என்னைய நம்பித்தான் வாங்குனாரு."

"உங்க வாய்க்கு எங்கண்ணு போகோணுங்களா?"

அவர் எழுந்து ஸ்டேஷனுக்குள் போனார். வண்டியில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

வண்டியைக் கேட்டவள் மயிலாத்தாள். பாதி போதும் என்றவர் சம்சுதீன். முழுதாக விட்டுக்கொடுத்தவர் சென்னியப்பன். இதில் யார் செய்தது சரி?

விடை: சென்னியப்பன் செய்ததுதான் சரி. இரண்டு பேருமே போன் செய்து விசாரித்தவர்கள்தான். ஆனால் சென்னியப்பன், யாரைப் பற்றி விசாரிக்க வேண்டுமோ அவன் கொடுத்த நம்பரிலேயே விசாரித்தார். சம்சுதீன் தானாகத் தேடி எடுத்த நம்பரில் உண்மையான சொந்தக்காரரையே கேட்டார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? வங்கி "வந்துவிட்டது" என்று சொல்வதற்கு முன் சென்னியப்பன் சொல்லிவிட்டார். சொன்னவர்தான் அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே வங்கிக்குப் போயிருந்தால் சனிக்கிழமை அந்தச் சொல்லே பிறந்திருக்காது. அதில் மயிலாத்தாளுக்கும் பங்கு உண்டு. நியாயம் இவ்வளவுதான். அது அவளுக்குப் பார்வை தரவில்லை. ஐப்பசி மாதம் மிச்சக் கண்ணும் போயிற்று. அவள் அவரைத் திட்டியதில்லை. சோறு போட்டுவிட்டு, பொரியல் வலது பக்கம் இருக்கிறது என்று அவர் சொல்கிறார். அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள்.