மூன்றாவது தடவை கூப்பிட்டபோது

நிஷா குரு, ஆவுடைநாயகி சிஷ்யை. சிஷ்யைக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. குருவுக்கு இப்போதுதான் மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது. கோர்ட்டில் இதெல்லாம் ஒரு அதிசயமா? கறுப்புக் கோட்டைப் போட்ட பிறகு யார் வயசைப் பார்க்கிறார்கள்! சிஷ்யை ‘மேடம்’ என்பாள், குரு ‘அக்கா’ என்பாள். இரண்டு பேருக்கும் அதில் மனத்தாங்கல் கிடையாது.

ஆவுடை பஞ்சாலை ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஆலையை மூடினார்கள். ‘இந்த வயசுக்கு மேல என்னத்தப் படிச்சு’ என்று சொந்தபந்தமெல்லாம் உதட்டைப் பிதுக்க, பிடிவாதமாகச் சட்டம் படித்து முடித்தாள். கணவர் லேத் பட்டறையில் கைவிரல்களைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். ஜூனியர் வக்கீலுக்கு வருமானம் என்று ஒன்று வரும் என ஆவுடை கேள்விப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அதனால்தான் அன்றைய இன்டர்வியூவை அவள் அப்படி நம்பியிருந்தாள். வக்கீல் வைக்க வழியில்லாத கைதிகளுக்காக வாதாட, மாதச் சம்பளத்துக்கு வக்கீல்கள் எடுக்கிறார்கள். கிடைத்தால் வீடு நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மகளை அடுத்த வருஷம் படிக்க அனுப்ப முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கோர்ட்டு மாடியில் இன்டர்வியூ.

காலையில் நிஷா கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆவுடை மெல்லக் கேட்டாள்.

“மேடம், உள்ள ஒரு கேள்வி கண்டிப்பாக் கேப்பாங்களாம்.”

“என்ன கேள்வி?”

“‘தப்பு பண்ணினவன்னு உங்களுக்கே தெரியும். அப்படி இருந்தும் அவனுக்காக எப்படி நிப்பீங்க?’ இதுதான். என்ன மேடம் சொல்ல?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“ஒண்ணுமே தோணலை. அதான் பயமா இருக்கு. நேத்து ஜெயில்ல நம்ம கட்சிக்காரன் பேச்சிமுத்து என் மூஞ்சியப் பாத்தே சொல்றான், ‘ஆமாம்மா, தோப்பு மோட்டாரைக் கழட்டுனது நான்தான்’னு. அந்தத் தோப்புக்காரர் பாவம், தண்ணி இல்லாமத் தென்னம்பிள்ளை எல்லாம் காஞ்சு போச்சாம். அதுல இருந்து இவனுக்காக எழுந்து நிக்கவே எனக்கு மனசு வரலை.”

நிஷா கண்ணாடியைத் துடைத்தாள்.

“பேச்சிமுத்து ஜாமீன் மனு இன்னிக்கு வருது. எனக்கு மேல செஷன்ஸ்ல கேஸ் இருக்கு. நீங்கதான் பாக்கணும்.”

“சரி மேடம். அந்தக் கேள்விக்கு...”

“பேரைக் கூப்பிடும்போது அங்க இருங்கக்கா.”

“இருக்கேன். ஆனா அந்தக் கேள்விக்கு...”

“பேரைக் கூப்பிடும்போது அங்க இருங்க.”

சொல்லிவிட்டு நிஷா கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள். ஆவுடைக்கு அழுகை முட்டியது. ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்று மனசுக்குள் குருவைத் திட்டினாள்.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஜாமீன் மனுக்களைக் கடைசியில்தான் எடுப்பார்கள். எப்போதும் அப்படித்தான். அந்த நம்பிக்கையில் ஆவுடை வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். யாரோ ஒரு தோழி போனில் அனுப்பியிருந்த பதிலை மனப்பாடம் பண்ண ஆரம்பித்தாள். ‘நமது அரசியலமைப்புச் சட்டம் ஏழை எளியவருக்கும் சம நீதியை உறுதி செய்கிறது. ஆதரவற்ற ஒருவரின் குரலாக நிற்பதே...’ நிற்பதே என்ன? கடமையா, பெருமையா? பெருமை என்று சொன்னால் தற்பெருமையாகப் படுமோ? திரும்பவும் முதலில் இருந்து.

அன்றைக்கென்று பார்த்து மாஜிஸ்ட்ரேட் ஜாமீன் மனுக்களை முதலில் எடுத்தார். எப்போது எதை எடுப்பது என்பது அவர் இஷ்டம், யார் கேட்பது?

கோர்ட்டுச் சேவகரான டவாலி வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

“பேச்சிமுத்து!”

‘நமது அரசியலமைப்புச் சட்டம்...’

“பேச்சிமுத்து!”

‘ஏழை எளியவருக்கும்...’

“பேச்சிமுத்து!”

மூன்று தடவையும் ஆவுடை காதில் விழுந்தது. கோர்ட்டில் நாள் முழுக்க யாரையாவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆதரவற்றவரின் குரலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே பேச்சிமுத்து போலீஸ்காரர் பக்கத்தில் கை கட்டி நின்றான். காவலை நீட்டிப்பதற்காக அன்றைக்கு அவனையும் ஜெயிலிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்து அவன் பெண்சாதி மாரிச்செல்வி எழுந்து, “நான் இருக்கேன் ஐயா” என்றாளாம். “நீ யாரும்மா? வக்கீல் எங்கே?” என்று கேட்டாராம் மாஜிஸ்ட்ரேட். அவள் என்ன சொல்வாள், பாவம்! வக்கீல் ஆஜராகாததால் மனு தள்ளுபடி என்றுவிட்டு அடுத்த கட்டை எடுத்துவிட்டார்.

ஆவுடைக்கு விஷயம் மாரிச்செல்வி வாயிலாகத்தான் தெரிந்தது.

“ஏ வக்கீலம்மா! எங்க போயித் தொலைஞ்ச நீ? என் புருசன் பேரச் சொல்லி மூணு மட்டம் கூப்பிடுதாவ. ஏன்னு கேக்க ஒரு நாதியில்ல! காசு வாங்காத கேசுன்னா இப்படித்தானா?”

ஆவுடை கையில் இருந்த போன் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக்கூடத் தோன்றவில்லை. டீக்கடையில் நின்ற வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் ‘அடடா’ என்றார். இன்னொருத்தர், “இவங்கதானே இன்னிக்கு இன்டர்வியூக்குப் போறாங்க? நல்லா வெளங்கும்!” என்று சத்தமாகவே சொன்னார். சிரிப்பு கேட்டது. தெரிந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்துபோயின. அந்த மரத்தடியில் தன் பக்கத்தில் யாருமே இல்லை என்று ஆவுடைக்குத் தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சத்தம் கேட்டு நிஷா இறங்கி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். நேராக ஆவுடையின் பக்கத்தில் போய், தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டாள்.

“ஆமா தாயி. இவங்க உள்ள இருந்திருக்கணும். இல்லை. தப்புதான்” என்றாள் மாரிச்செல்வியிடம்.

“தப்புன்னு நீயே சொல்லுத. அப்புறம் அவ பக்கத்துல போயி நிக்க! தப்பு பண்ணுனவளுக்கு வக்காலத்தா?”

“ஆமா.”

மாரிச்செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நிஷா குனிந்து போனை எடுத்து ஆவுடை கையில் கொடுத்தாள். “உள்ள போங்கக்கா. மாஜிஸ்ட்ரேட்ட சொல்லுங்க.”

“என்னன்னு மேடம்?”

“நடந்ததை.”

ஆவுடை உள்ளே போனாள். அரசுத் தரப்பு வக்கீல் நல்ல மனுஷர். “வயித்து வலின்னு சொல்லிருங்கம்மா, விட்ருவாரு” என்று பக்கவாட்டில் இருந்து மெதுவாகச் சொன்னார்.

“எங்கே போனீங்க?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

வயிற்று வலி என்பது பொய்யும் இல்லை. காலையில் இருந்து அவளுக்கு வயிறு பிசைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஓரத்தில் பேச்சிமுத்து நின்றான். அவனுக்கு இவள் மேல் கோபம்கூட இல்லை. நம்ம தலையெழுத்து இவ்வளவுதான் என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மரத்தடியில நின்னு இன்டர்வியூக்கு மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன் ஐயா.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை.

“எந்த வேலைக்கு?”

“கைதிகளுக்காக வாதாடுற வேலைக்கு ஐயா.”

இப்போது சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. ஆவுடைக்குக் காது மடல் எல்லாம் எரிந்தது. “தப்பு என்னுது ஐயா. அதுக்கு அவரை உள்ள வச்சிராதீங்க” என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் அந்தக் கட்டைத் திரும்ப எடுத்துப் புரட்டினார். “ஆர்டர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடலை. சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பக் கூப்பிடுறேன். அப்பவாவது இருப்பீங்களா?”

“இருப்பேன் ஐயா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாப்பாட்டுக்கு அப்புறம்! இன்டர்வியூவும் அதே நேரம்தான். ஓடி வந்து நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், நீங்க நில்லுங்க மேடம். உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை. நான் மேல போகாட்டா எனக்கு எல்லாமே போச்சு.”

“நிக்கட்டுமா?”

நிஷா சாதாரணமாகத்தான் கேட்டாள். முகத்தில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் ஆவுடைக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாரிச்செல்வி சாப்பிடாமல், கோர்ட்டு வாசற்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கூப்பிடும்போது வக்கீல் காணாமல் போய்விடக் கூடாது என்று காத்திருந்தாள் போலும்.

“வேண்டாம் மேடம். நானே நிக்கிறேன்.”

நிஷா தலையை ஆட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டாள். துணைக்காவது இருக்கக் கூடாதா என்று ஆவுடைக்கு மனசு சுருங்கியது. டிபன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதத்தில் ஒரு வாய் எடுத்தாள். மூடி வைத்துவிட்டாள்.

மத்தியானம் மாஜிஸ்ட்ரேட் வந்து உட்கார்ந்தார். பேச்சிமுத்துவைக் கூப்பிடவில்லை. வேறு ஏதோ அடிதடி கேஸ் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு காசோலை கேஸ். ஆவுடை கதவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இன்டர்வியூ ஆரம்பித்துவிட்டது. இப்போது ஓடிப் போனால்கூடப் பிடித்துவிடலாம். ஒரு கால் கதவுப் பக்கம் திரும்பியேவிட்டது. அந்த நேரம் பார்த்து டவாலி வாசலுக்கு நடந்தார்.

“பேச்சிமுத்து!”

“இருக்கேன் ஐயா” என்றாள் ஆவுடை. முதல் கூப்பாடு முடிவதற்குள் சொல்லிவிட்டாள். டவாலிக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் பேச ஆரம்பித்தாள். உள்ளூர்க்காரர், பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கேயும் ஓடிவிட மாட்டார், மோட்டாரைப் போலீஸ் மீட்டுவிட்டது. “பழைய கேஸ் ஒண்ணு இருக்கு ஐயா” என்றார் அரசு வக்கீல்.

அப்போதுதான் மாடி ஜன்னல் வழியாக அது கேட்டது.

“ஆவுடைநாயகி!”

அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

“அந்தப் பழைய கேஸ்ல ஒரு வாய்தாவுக்குக்கூட அவர் வராம இருந்ததில்லை ஐயா...”

“ஆவுடைநாயகி!”

மகள் முகம் கண் முன்னால் வந்து போனது. ஆவுடை முன்னால் இருந்த மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கூப்பிட்டப்ப எல்லாம் வந்து நின்னிருக்கார் ஐயா. நான்தான் வரலை.”

“ஆவுடைநாயகி!”

பிறகு சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் திரையிட்டது. மாஜிஸ்ட்ரேட் ஏதோ சொல்வது எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்துவிட்டது. பேச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். மாரிச்செல்வி கும்பிடவில்லை. பக்கத்தில் வந்து, “போ தாயி. உன் பேரத்தான் மேல கூப்பிட்டாவ. ஓடு” என்றாள்.

ஆவுடை படிகளில் ஓடினாள். மூச்சு வாங்கியது. மாடியில் இன்டர்வியூ அறை வாசலில் நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் நிஷா உட்கார்ந்திருந்தாள்.

“கெடச்சுதா?”

“கெடச்சுது மேடம். இங்க... எல்லாம் முடிஞ்சுதா?”

“உங்க பேரைக் கூப்பிட்டாங்க.”

“கேட்டுச்சு.”

“மூணாவது தடவை, ‘இருக்காங்க’ன்னேன்.”

ஆவுடைக்குப் புரியவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“எங்கேன்னு கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. கீழ ஒரு ஜாமீன் மனுவுல நிக்கிறாங்கன்னு சொன்னேன். சரி, கடைசியாக் கூப்பிடுறோம்னாங்க.”

“காலையில நான் பண்ணினது?”

“அது இங்க வரைக்கும் வந்திருச்சு. உண்மையான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.”

“ஐயோ!”

“பேசினேன் உங்களுக்காக. கொஞ்ச நேரம்.”

ஆவுடை குருவையே பார்த்தாள். காலையில் மரத்தடியில் தெரிந்த முகம் ஒவ்வொன்றாக நகர்ந்துபோனது, இவள் மட்டும் போனை எடுத்துக் கையில் கொடுத்தது, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

“தப்பு பண்ணினது நான்தான்னு உங்களுக்கே தெரியும். அப்படி இருந்தும் எனக்காக எப்படி மேடம் நின்னீங்க?”

அறைக் கதவு திறந்தது. பியூன் தலையை நீட்டி, “ஆவுடைநாயகி!” என்றார்.

நிஷா எழுந்து, ஆவுடையின் கழுத்தில் கோணிக் கிடந்த வெள்ளைப் பட்டையை நேராக்கினாள்.

“உள்ளயும் இதைத்தான் கேப்பாங்க. போங்கக்கா.”