பொந்துக்குள் தட்டியது யார்?

மலைக்காட்டில் வானத்தை முட்டும் ஒரு மரம். அதன் பொந்துக்குள் கோமளி என்ற இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தாள்.

முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், சேறும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசிவிடும். மூக்கு நுழைய ஒரு கீறல் மட்டும் மிச்சம். கணவன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. போதாததற்குச் சிறகுகளும் உதிர்ந்துவிடும்.

முப்பத்தெட்டு நாளாயிற்று. கோமளிக்கு அலுத்துவிட்டது.

"என்னங்க, இன்றைக்கும் அத்திப்பழமா?"

"அத்தி மரத்தில் பலாவா காய்க்கும்?" என்றார் கணவர்.

"ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். சுவரைப் பார்க்கிறேன். பழம் தின்கிறேன். இதெல்லாம் ஒரு பிழைப்பா?"

"மழைக்கு முன்னால் இன்னொரு நடை போய்விட்டு வருகிறேன்!" என்று அவர் நழுவினார். பதில் தெரியாத கேள்வி வந்தால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அவர் போனதும் மூடுபனி இறங்கியது. நண்பகலிலேயே காடு வெளுத்துப் போனது. சில்வண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின.

"கோமளீ..."

குரல் வாசலை ஒட்டிக் கேட்டது. கீறலில் கண் வைத்துப் பார்த்தாள். பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

"யாரது?"

"உன்மேல் அக்கறை உள்ளவன். இந்த இருட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது, சொல்லம்மா?"

"ஒன்றுமே இல்லை!"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை இருக்கிறது. அதன் தண்ணீர் பாடும். கரையில் பூக்கள் பறக்கும். அதையெல்லாம் பார்க்கப் பிறந்தவள் நீ!"

முப்பத்தெட்டு நாளில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

"எனக்குச் சிறகு இல்லையே, அண்ணா?"

"நான் எதற்கு இருக்கிறேன்? சுமந்துபோகிறேன். எதிர்மரத்து அக்காவையும் நான்தான் கூட்டிப்போனேன்."

"அக்கா திரும்பி வரவே இல்லையே?"

"என்னைவிட்டு ஒரு நிமிஷம்கூடப் பிரிவதில்லை!" குரல் சிரித்தது. ஈரமான சிரிப்பு.

பனி சற்று விலகியது. எதிர்மரத்தின் பொந்து ஆவென்று உடைந்து கிடந்தது. மூச்சு விடுவதுபோலப் பனி அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

கோமளிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் சுனை மனத்தை விடவில்லை. அலகை ஓங்கிச் சுவரில் போட்டாள்.

டொக், டொக், டொக்! காய்ந்த மண் பெயர்ந்து உள்ளே விழுந்தது.

டொக்... டொக்... டொக்...

யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். வெளியே இல்லை. உள்ளே!

கோமளிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அண்ணா, நீங்களா தட்டினீர்கள்?"

"நான் தட்டவில்லை! நீ தட்டு, நிறுத்தாதே!" தேனாய்ப் பேசிய குரலில் இப்போது உறுமல்.

பொந்துக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. ஒரே ஒரு முறை மெல்லத் தட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு முறை பதில் வந்தது. அவள் வயிற்றுக்கு அடியிலிருந்து!

எழுந்து பார்த்தாள். கல் என்று திட்டிய முட்டை, தானாக ஆடிக்கொண்டிருந்தது. காதை வைத்தாள். உள்ளே ஒரு சின்ன மூச்சு.

வாசலே இல்லாத வீட்டுக்குள் யார் நுழைந்தது? எப்போது நுழைந்தது? அவள்தானே முப்பத்தெட்டு நாளும் மேலே உட்கார்ந்திருந்தாள்!

அதே நொடியில் அவள் கொத்திய ஓட்டை வழியே நீண்ட நகங்களோடு ஒரு கை நுழைந்து துழாவியது. மரநாயின் கை! கல்லாய் இறுகிய சுவரை அதனால் உடைக்க முடியவில்லை. அதனால்தான் அத்தனை தேன் பேச்சு.

"பாடும் சுனையா காட்டுகிறாய்? இந்தா, வாங்கிக்கொள்!" கோமளி அலகால் ஒரே போடு போட்டாள்.

வெளியே அலறல் கேட்டது. நகங்கள் மரத்தைப் பிராண்டிக்கொண்டு கீழே, கீழே போய்ப் பனிக்குள் அடங்கின.

உதிர்ந்த மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, அவள் அவசரமாக ஓட்டையை அடைத்தாள். முகம் சுளிக்கக்கூட நேரமில்லை.

"கோமளி! உள்ளே என்ன சத்தம்?" கணவர் திரும்பியிருந்தார்.

"உஷ்! யாரோ வந்திருக்கிறார்கள்."

"அடைத்த பொந்துக்குள்ளா? யாரடி?"

"அதுதான் தெரியவில்லை. பேசாமல் கேளுங்களேன்!"

இருவரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். முட்டை ஓடு விரியும் மெல்லிய சத்தம் கேட்டது.

அதிசயம் எங்கோ இருக்கிறது என்று வாசலை உடைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், அன்றாடம் தங்கள் மடியில் கிடப்பதை முதலில் ஒரு முறை குனிந்து பார்க்கட்டும்.